வேடியப்பனும் மைசூர்ப் படிகளும்

எங்கள் பாரூர்ப் பக்கம் வகுப்புக்கு ஒரு வேடியப்பன் இருப்பான். யார் அந்தச் சாமி என்று கேட்டால் காட்டோரத்தில் ஒரு கல்லைக் காட்டுவார்கள். நடுகல். மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நட்டவை இவற்றில் நிறைய. ஆயுதம் ஏந்திய உருவம், கூடவே சில வரி எழுத்து: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய சேவகன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படிப் பல கற்கள் வேடியப்பனாகவே கும்பிடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏற ஏற எழுத்து மறையும்தான். ஆனால் கும்பிடுவதால்தான் கல் நிற்கிறது. கிரானைட் குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை.

கல்லே போனாலும் எழுத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: படி எடுப்பது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்துத் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். மேலே மை ஒற்றினால் தாள் கறுக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். ஸ்கேனருக்கு முந்தைய ஸ்கேன்.

1886-இல் ஹூல்ஷ் அரசுக் கல்வெட்டறிஞராக நியமிக்கப்பட்டதிலிருந்து மத்தியத் தொல்லியல் துறையில் இந்தத் தாள்கள் சேர்ந்துகொண்டே வந்தன. பெங்களூரில் தொடங்கிய அலுவலகம் ஊட்டிக்கும், 1966-இல் மைசூருக்கும் இடம் மாறியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது. பிறகு அவை நகரத் தொடங்கின.

நம்மில் பலர் அதை மீட்பு என்று கொண்டாடினோம். எனக்குப் பாதி மனசுதான். பாரூரிலிருந்து மைசூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தூரம், 250 கிலோமீட்டர் போல. இரண்டு ஊரிலும் பூட்டிய அறை பூட்டிய அறைதான். ஆண்டறிக்கையில் ஓரிரு வரிச் சுருக்கமாக வந்ததோடு நின்றுபோன, முழுப் பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் ஏராளம். போதாததற்கு, எங்கள் பக்கத்து நடுகற்கள் பலவற்றைப் படியெடுத்தது மாநிலத் தொல்லியல் துறை. எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் என்று ஊர்க்காரர் எங்கே போய்த் தேடுவார்?

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பமெல்லாம் இல்லை. ஸ்கேன், ஊர்ப்பெயர், வரைபடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் வாசிப்பு. இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே தேடல் பெட்டி. வேடியப்பன் முன்னால் நின்று போனில் ஊர்ப்பெயரைத் தட்டினால் அந்தக் கறுப்புத் தாள் திறக்க வேண்டும். மஞ்சளைச் சுரண்டாமல், பூசாரியிடம் திட்டு வாங்காமல், சாமி எந்த ஊர்ச் சண்டையில் செத்தார் என்று அங்கேயே படித்துவிடலாம்.