திவானின் மொழி மாறியபோது

தரவுத் துறையில் வேலை தேடும் பிள்ளைகள் இன்று நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கின்றனர். எக்செல் கற்றவனிடம் எஸ்.க்யூ.எல். தெரியுமா என்று கேட்கின்றனர். அதைக் கற்றுவந்தால் பைத்தான் வேண்டும் என்கின்றனர். கற்ற கருவி கண்ணெதிரே பழையதாகும் இந்தக் கலக்கம் நம் காலத்திற்கு மட்டும் உரியதன்று. உமைய்யாக்களின் ஆட்சியில் பதிவேடு எழுதிப் பிழைத்த ஒரு தலைமுறையே இதனை எதிர்கொண்டது.

இஸ்லாமிய ஆட்சியில் பதிவேடு பிறந்த வரலாறே சுவையானது. பஹ்ரைனிலிருந்து திரும்பிய அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஐந்து லட்சம் திர்ஹம் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னபோது கலீஃபா உமர் (ரலி) அவர்களால் நம்ப முடியவில்லை. சொல்வது இன்னதென்று தெரிந்துதான் சொல்கிறீரா என்று வினவினார்கள். ஒரு லட்சம், ஒரு லட்சம் என ஐந்து முறை எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு செல்வத்தை எவருக்கு, எவ்வளவு பங்கிடுவது? பிற நாட்டு அரசர்கள் திவான் வைத்திருப்பதைக் கண்டவர்கள் எடுத்துரைக்க, ஹிஜ்ரி 20ஐ ஒட்டி மதீனாவில் பெயர்ப் பதிவேடு தொடங்கியது. குலமரபு அறிந்த அகீல், மக்ரமா, ஜுபைர் பின் முத்இம் ஆகிய மூவரும் அதனை எழுதினர். ஈராக்கின் ஸவாது நிலப்பரப்பை உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அளந்து 3 கோடியே 60 லட்சம் ஜரீப் எனக் கணக்கிட்டதாக நூல்கள் கூறுகின்றன.

வீரர்களின் பெயரேடு அரபியில் இருந்தது. வரிக்கணக்கோ ஈராக்கில் பாரசீகத்திலும் ஷாமில் கிரேக்கத்திலும் தொடர்ந்தது. ஆட்சி மாறினாலும் கணக்கர்கள் மாறவில்லை. பின்னங்களும் அளவைகளும் குறியீடுகளும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த தொழில் மறையாக இருந்தன. அவர்களன்றி வரி வசூல் நடவாது என்பது ஆள்வோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் முற்றிலும் அரபி எழுத்துகள் பொறித்த தீனாரை வெளியிட்டார். அக்காலத்தை ஒட்டியே ஏடுகளின் முறையும் வந்தது. ஈராக்கில் ஹஜ்ஜாஜின் வரித் திவானுக்குத் தலைவர் ஸாதான் ஃபர்ரூக். அவருக்குக் கீழே பணியாற்றியவர் ஸாலிஹ் பின் அப்திர் ரஹ்மான். சிஜிஸ்தானிலிருந்து சிறைப்பிடித்துக் கொணரப்பட்ட ஒருவரின் மகன். இரு மொழியும் அறிந்த இளைஞர். ஹஜ்ஜாஜுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஸாலிஹ் அதைக் கண்டு மகிழவில்லை, அஞ்சினார். தம்மை இவ்விடம் சேர்த்தவரைத் தாமே பின்தள்ளிவிடுவோமோ என்று தலைவரிடமே மனம் திறந்தார். ஸாதான் சிரித்தார்: என்னை விட்டால் ஹஜ்ஜாஜுக்குக் கணக்குப் பார்க்க எவரும் இல்லை. நான் நினைத்தால் கணக்கை அரபிக்கு மாற்றிவிட முடியும் என்றார் ஸாலிஹ். சில வரிகளை மாற்றியும் காட்டினார். அதைக் கண்டதும் ஸாதான் சிரிப்பை நிறுத்தி, நீ நோயுற்றவனாகப் படுத்துக்கொள் என்றார்! ஹஜ்ஜாஜ் அனுப்பிய மருத்துவர் ஒரு நோயும் காணவில்லை.

பின்னர் இப்னுல் அஷ்அஸின் கிளர்ச்சிக் காலத்தில் ஸாதான் கொல்லப்பட, அவ்விடம் ஸாலிஹுக்கு வந்தது. மொழிமாற்றப் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஸாதானின் மகன் மர்தான்ஷாஹ் ஒரு தேர்வு வைத்தார். பாரசீகப் பின்னச் சொற்களை எப்படி எழுதுவாய்? பத்தில் ஒன்று, அதில் பாதி என்பவற்றுக்கான அரபிச் சொற்களைத் தயங்காமல் சொன்னார் ஸாலிஹ். இயலவில்லை என்று சொல்லிவிடு, ஒரு லட்சம் திர்ஹம் தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தனர். அவர் மறுத்தார். பாரசீகத்தின் வேரை அறுத்தவனே, உன் வேரும் அறுபடட்டும் என்று மர்தான்ஷாஹ் சபித்தார். அந்தச் சாபத்தில் பொறாமையை மட்டும் காண என்னால் இயலவில்லை. ஒரு குடும்பத்தின் சோறு அந்தப் பின்னங்களில் இருந்தது.

ஷாமில் இப்பணியை ஏற்றவர் சுலைமான் பின் ஸஅத். உர்துன் மாவட்டத்தின் ஓராண்டு வரியான 1,80,000 தீனாரை உதவியாகக் கேட்டுப் பெற்று, ஆண்டு முடியுமுன்னரே முடித்தார். முஆவியா (ரலி) காலம்தொட்டு அரண்மனையில் பணியாற்றிய கிறித்தவச் செயலர் ஸர்ஜூனிடம் அப்துல் மலிக் புதிய ஏட்டைக் காட்டினார். அவர் துயரத்தோடு வெளியே வந்து, இத்தொழில் இனி நமக்கில்லை, வேறு பிழைப்புத் தேடுங்கள் என்று கிரேக்க எழுத்தர்களிடம் சொன்னதாக பலாதுரீ பதிவு செய்கிறார்.

பலாதுரீ மறைந்தது கி.பி. 892இல், நிகழ்வுக்கும் நூலுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஏற்க வேண்டியதில்லை. மாற்றமும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. எகிப்தில் ஹிஜ்ரி 87இல் ஆணை வந்த பின்னரும் பல பத்தாண்டுகள் கிரேக்கத்தில் கணக்கு எழுதப்பட்டதற்குப் பாப்பிரஸ் ஏடுகள் சான்றாக உள்ளன. குராசானில் ஹிஜ்ரி 124 வரை பாரசீகமே நீடித்தது. வேறு பிழைப்புத் தேடச் சொல்லப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அரபி கற்றுக்கொண்டு அதே இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். நிலத்தையும் விளைச்சலையும் அறிந்த கண் எந்த மொழிக்கும் தேவைப்பட்டதல்லவா?

ஸாலிஹ் தாம் அறிந்ததை மறைத்து வைக்கவில்லை. ஈராக்கின் அடுத்த தலைமுறை எழுத்தர்களில் பலர் அவரிடம் பயின்றவர்கள். கடைசி உமைய்யாக் கலீஃபாவின் செயலரும் எழுத்தர்களுக்கென அறிவுரை மடல் வரைந்தவருமான அப்துல் ஹமீத், எழுத்தர் சமூகத்திற்கு ஸாலிஹ் செய்த உதவி எவ்வளவு பெரியது என்று வியந்தாராம். அவரது மடலில் அரபியும் கையெழுத்தும் கற்கச் சொன்ன கையோடு, கணக்கைக் கைவிடாதீர்கள், வரி ஏட்டுக்காரருக்கு அதுவே தூண் என்ற அறிவுரையும் இருக்கிறது.