டொனமூர் யாப்பும் வாக்காளர் எல்லையும்

டொனமூர் யாப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் ஏழு நிர்வாகக் குழுக்களையும் அவற்றின் குறைநிறைகளையுமே விரிவாக ஆராய்வர். எமது கருத்தில், அதிகாரத்தை எவ்வாறு பங்கிடுவது என்ற வினாவுக்கு முன்பாகவே அதிகாரத்தின் உடைமையாளர் யாவர் என்ற வினா தீர்க்கப்பட்டுவிடுகிறது. 1931 இல் நடைமுறைக்கு வந்த அவ்யாப்பை இந்நோக்கில் மீளப் பார்த்தல் அவசியம்.

1927 நவம்பரில் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது சனத்தொகையில் ஏறக்குறைய நான்கு சதவீதத்தினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சுயாட்சி கோரிய இலங்கைத் தேசிய காங்கிரஸ் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையைக் கோரவில்லை. எழுத்தறிவும் வருமானமும் வாக்காளனின் தகைமைகளாக நீடிப்பதையே விரும்பினர். கல்விப் பணிகளுக்காக இன்றும் நாம் மதிக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அதனை வன்மையாக எதிர்த்தார். நிலவுடைமையும் சாதி மேலாண்மையும் ஒருங்கிணைந்திருந்த சமூகத்தின் தலைமை வேறு நிலைப்பாட்டை எடுத்திருந்தால்தான் வியப்பு. 1923 ஆம் ஆண்டுக் கொழும்புப் பொது வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமே அவ்வுரிமையைக் கேட்டது. பெண்களின் வாக்குரிமைக்காகப் பெண்களே அமைத்த சங்கமும் சாட்சியமளித்தது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு என ஆணைக்குழு விதந்துரைத்திருந்தும், ஈற்றில் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதே விதியாயிற்று. ஆகவே இவ்வுரிமையைப் பிரித்தானியர் அளித்த கொடை என்று மட்டும் கூறுவது வரலாற்றைச் சுருக்குவதாகும்.

ஆயினும் 'சர்வசனம்' என்ற சொல் பெருந்தோட்ட எல்லையில் தடைப்பட்டது. ஐந்தாண்டு வதிவே போதுமென்பது ஆணைக்குழுவின் பரிந்துரை. சட்டநிரூபண சபையில் அதற்கு எழுந்த எதிர்ப்பைத் தணிக்கத் தேசாதிபதி ஸ்ரான்லி அதனை மாற்றினார். இலங்கையை நிலையான வாழிடமாகக் கொண்டவர் என நிறுவவேண்டும். அன்றேல் எழுத்தறிவும் சொத்தும் வேண்டும். அவையும் இல்லையேல் நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெறவேண்டும். சான்றிதழ் பெறுவோர், ஏனைய பிரித்தானியப் பிரசைகளுக்குப் பொதுவல்லாத சலுகைகளைக் கைவிடவும் வேண்டியிருந்தது. இந்தியத் தொழிலாளருக்கென இருந்த சட்டப் பாதுகாப்பு ஒருபுறம், வாக்கு மறுபுறம்: லயத்திலே வாழ்ந்த கூலியின் முன் வைக்கப்பட்ட தெரிவு இதுதான். 1929 டிசம்பரில் பத்தொன்பதுக்குப் பதினேழு என்ற வாக்குகளால் இச்சீர்திருத்தங்கள் சபையில் ஏற்கப்பட்டன.

வடக்கின் கதை வேறு. சாதியொழிப்பைப் பேசிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் வழங்கப்படவில்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாயின. முதன்முதலாக வாக்குப் பெற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பும் அவ்வாறே பிற்போடப்பட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்பின் நேர்மையை ஐயுறாமலே இவ்விளைவையும் பதிவுசெய்யவேண்டும்.

தென்னிலங்கையில், உரிமை கேட்ட அதே குணசிங்க 1930களின் பொருளாதார நெருக்கடியில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். வர்க்கத்தின் பெயரால் பேசிய குரலையே எல்லைக்கோடு இரண்டாகப் பிளந்தது.

1929 இல் வாக்காளரைப் பிரித்த வதிவு, சான்று, வாழிடம் ஆகிய அளவைகள், சுதந்திரத்தின் பின் பிரசையையே பிரிக்கும் அளவைகளுக்கு முன்மாதிரியாயின. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையடுத்து 1949 இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1947 இல் தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தோட்டத் தொழிலாளரால் 1952 இல் ஒருவரைத்தானும் தெரிவுசெய்ய இயலவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.