அசையாத மேசையும் மடக்கு மேசையும்

வீட்டுப் பட்டறைக்கு மேசை தேடுகிறவர்கள் முதலில் நீள அகலம் பார்க்கிறார்கள், பிறகு விலை கேட்கிறார்கள். பிளைவுட்டா, கட்டை மரமா, இரும்புச் சட்டமா என்ற யோசனை அடுத்து வருகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேசை மேல் கிடக்கும் மரத்தை எது அசையாமல் பிடிக்கப் போகிறது? சாமான்களை அடுக்கி வைக்க எந்த மேசையும் போதும். இழைப்புளி தள்ளும்போதும் உளியில் அடிக்கும்போதும் மரம் இம்மியும் நகரக்கூடாது என்றால்தான் தேர்வு கடினமாகிறது.

இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான விடை சொன்ன இரண்டு மேசைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தச்சர்களுடையது. மற்றது 1960-களில் இங்கிலாந்தில் ஒரு கார் வடிவமைப்பாளர் உருவாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் மேசைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கின்றன.

முதல் மேசையை நமக்கு விவரித்துச் சொன்னவர் ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ. 1739-இல் பாரிஸில் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர், தாமும் தச்சர். பிரெஞ்சு அரச அறிவியல் கழகம் கைத்தொழில்களைப் பற்றி வெளியிட்ட நூல் வரிசையில் தச்சுத் தொழிலுக்கான பெருநூலை எழுதினார். அது 1769-இல் வெளிவரத் தொடங்கியது. படங்களையும் அவரே வரைந்தார். பாரிஸ் தானியச் சந்தையின் மாபெரும் மரக் கவிகைக்குத் தச்சுவேலை செய்தவரும் அவர்தான். கை பழகிய ஒருவர் எழுதியது என்பதால்தான் அந்த நூலைப் பார்த்து இன்றும் மேசை செய்ய முடிகிறது.

ரூபோ காட்டும் மேசையின் மேற்பலகை ஒரே கட்டை, பீச் அல்லது எல்ம் மரம். தடிமன் 5 முதல் 6 அங்குலம். ஆறடி நீளம், 20 அங்குல அகலம், 5 அங்குலத் தடிமன் என்று சிறிய அளவையே எடுத்துக்கொண்டாலும் நான்கு கன அடிக்குச் சற்று மேல் வருகிறது. காய்ந்த பீச் மரம் கன அடிக்கு ஏறத்தாழ 20 கிலோ. ஆக, பலகை மட்டுமே 80 கிலோவைத் தாண்டும். தடித்த நான்கு கால்களையும் கீழ்ச்சட்டங்களையும் சேர்த்தால் 120 கிலோவுக்குக் குறையாது.

எடை மட்டுமே அதன் பெருமை இல்லை. முன்கால்களின் முகம் மேற்பலகையின் விளிம்போடு ஒரே சமமாக நிற்கிறது. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த அமைப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கதவுப் பலகை ஒன்றின் விளிம்பைச் சீவ வேண்டுமானால் அதைக் குத்துவாக்கில் நிறுத்திப் பலகை விளிம்பிலும் காலிலும் அணைத்துக் கட்டிவிடலாம். சாதாரண மேசையில் கால்கள் உள்ளே தள்ளி இருப்பதால் நீளப் பலகைக்குக் கீழே ஆதாரமே கிடைக்காது.

பிடிப்புக் கருவிகளும் எளிமையானவை. பலகையின் இடப்பக்கத் துளையில் சதுரக் கட்டை ஒன்று ஏறி இறங்கும். அதில் பல் பதித்த இரும்பு இருக்கும். சீவ வேண்டிய மரத்தின் முனையை அதில் முட்டவிட்டுத் தள்ளினால் தள்ளும் விசையே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றத் துளைகளில் தலை வளைந்த இரும்புத் தண்டைச் செருகி மேலே ஓர் அடி கொடுத்தால், தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகி அடியிலுள்ள மரத்தை அழுத்தும். பின்பக்கம் ஓர் அடி கொடுத்தால் கழன்றுவிடும். திருகு சுற்றும் நேரம்கூட வேண்டாம்.

இரண்டாவது மேசை வேறொரு வாழ்க்கையிலிருந்து வந்தது. ரான் ஹிக்மன் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர். 1961-இல் வீட்டில் துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். நாற்காலியையே மேசையாக்கி மரத்தை அறுத்தபோது நாற்காலியும் சேர்ந்து அறுபட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் வொர்க்மேட். பெரிய கருவி நிறுவனங்கள் இது விற்காது என்று திருப்பி அனுப்பின. அவரே செய்து விற்றார். முதலில் மறுத்த பிளாக் அண்ட் டெக்கர் பிறகு மனம் மாறி 1970-களின் தொடக்கத்தில் தயாரிப்பை ஏற்றது. அதன்பின் கோடிக்கணக்கில் விற்றது.

வொர்க்மேட்டின் நுட்பம் அதன் மேற்பலகையில் இருக்கிறது. அது ஒரே பலகை அல்ல, நடுவில் பிளந்த இரண்டு பலகைகள். இரு முனையிலும் தனித்தனித் திருகுகள் இருப்பதால் மேசை முழுவதுமே ஒரு வைஸ் ஆகிறது. ஒரு திருகை அதிகம் சுற்றி மற்றதைத் தளர்த்தினால் பலகைகள் கோணலாக நின்று ஆப்பு வடிவ மரத்தையும் கவ்வும். குழாயையும் பிடிக்கும், கதவையும் நிறுத்தும். வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் காரை உள்ளே விடலாம். ரூபோவின் மேசை இருக்கும் கொட்டகையில் கார்தான் வெளியே நிற்க வேண்டும்.

சரி, எது மரத்தைப் பிடிக்கிறது? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சிமெண்டுத் தரைக்கும் மேசைக்காலுக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தைச் சுமாராக 0.5 என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ மடக்கு மேசை 7.5 கிலோ எடைக்கு ஈடான தள்ளலில் நகரத் தொடங்கும். கெட்டி மரத்தைக் கொஞ்சம் தடித்துச் சீவினாலே இழைப்புளிக்கு அதைவிட அதிக விசை தேவைப்படும். 120 கிலோ மேசையோ 60 கிலோ வரை தாங்கும்.

ஹிக்மன் இதை அறியாதவர் அல்லர். வொர்க்மேட்டின் கீழே கால் வைக்க ஒரு படி உண்டு. அதில் ஒரு காலை ஊன்றி உடலின் எடையில் 30 கிலோவை ஏற்றினால் மொத்தம் 45 கிலோ, நகர்த்த 22.5 கிலோ தேவை. மேசை தன்னிடம் இல்லாத எடையை வேலை செய்பவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ரூபோவின் மேசைக்கு அந்தக் கடன் தேவையில்லை. அங்கே மனித உடல் முழுவதும் கருவியைச் செலுத்துவதற்கே மிஞ்சுகிறது. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படிப் பார்த்தால் நம் ஊர் ஆசாரிகளின் முறை ரூபோவைவிட ஹிக்மனுக்கு நெருக்கமாகத் தெரிகிறது. தரையில் உட்கார்ந்து பலகையைப் பாதத்தால் அணைத்துக்கொள்கிறவரும், நிலைச்சட்டத்தின் மேலேயே அமர்ந்து துளை போடுகிறவரும் தம் உடலையே மேசையாக்குகிறார்கள். அது குறைந்த செலவில் நடந்த வேலை என்று தள்ளிவிட முடியாது. கோயில் கதவுகளும் தேர்களும் அந்த முறையில் வேலை செய்த கைகளில் உருவானவை. ஆனால் அதற்குச் சிறு வயது முதல் பழகிய இடுப்பும் முழங்காலும் வேண்டும். நாற்பது வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தச்சராகிறவருக்கு அது கைகூடாது.

ஆகவே எந்த மேசை என்பதை உங்கள் கையிலிருக்கும் கருவியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மின்ரம்பம், டிரில், சாண்டர் என்று வேலை நடந்தால் வெட்டும் விசையைப் பெரும்பாலும் மோட்டார் கொடுக்கிறது, மேசைக்குப் பக்கவாட்டில் தள்ளல் குறைவு. அங்கே வொர்க்மேட் போன்ற மடக்கு மேசை தாராளம். எட்டடி பிளைவுட் அறுக்க ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இழைப்புளியும் உளியும் உங்களுக்குப் பிடித்த கருவிகள் என்றால் மடக்கு மேசையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் மூட்டுகளில் எப்போதும் சிறு ஆட்டம் உண்டு. கொட்டாப்புளியின் ஒவ்வோர் அடியிலும் பாதி அந்த ஆட்டத்தில் கரைந்துபோகும். கனமான மேசையில் காலுக்கு நேர் மேலே வைத்து அடித்தால் அடி தரையில் முட்டி மரத்துக்கே திரும்புகிறது.

கனமான மேசைக்கு ஐந்தங்குலக் கட்டை நம் மரக்கடையில் கிடைத்தாலும் விலை மலைக்க வைக்கும். பழைய வீடு இடித்த உத்திரங்களும் நிலைச்சட்டங்களும் விற்கும் கடைகளைத் தேடிப் போங்கள். ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரம் என்பதால் முறுக்கிக்கொள்வது குறைவு. சட்டங்களைப் பக்கம் பக்கமாக ஃபெவிகால் வைத்து ஒட்டினால் தடித்த பலகை தயார். மூன்றரை, நான்கு அங்குலத் தடிமனே வீட்டு வேலைக்குப் போதும். ஒட்டுவதற்கு முன் பழைய ஆணிகள் ஒன்றுவிடாமல் பிடுங்கப்பட்டனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இழைப்புளியின் வாய் போய்விடும். கால்களுக்கு அடியில் கல் அல்லது ரப்பர் துண்டு வையுங்கள், கரையான் தரையிலிருந்துதான் ஏறும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கால்களையும் கீழ்ச்சட்டங்களையும் பசைக்குப் பதில் போல்ட் போட்டு இணைப்பது நல்லது. பலகையை இருவர் தூக்க, கால்களைத் தனியாக எடுத்துக்கொண்டு வீடு மாறலாம்.