தசைநாண் நோய்கள்

எலும்போடு தசையைப் பிணித்து, தசை சுருங்குங்கால் எழும் விசையை மூட்டின் அசைவாக்கும் வெண்ணிறக் கயிறுகளே தசைநாண்கள். அவற்றையும், அவற்றைப் போர்த்த உறைகளையும், உராய்வு தணிக்கும் சிறு நீர்ப்பைகளையும், மூட்டுறையையும் பற்றும் வியாதிகள், மூட்டின் உட்புறம் பழுதின்றியிருக்க, அதன் புறத்தே வேதனை விளைப்பவை. நம் பேச்சு வழக்கில் நாணும் இரத்தக்குழாயும் மெய்யான நரம்பும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிடுவதால், ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று வைத்தியரிடம் செல்வோர் பலருக்கு நோயிருப்பது நாணில்தான்.

இந்நோய்களுக்கு இட்ட பெயரே சிகிச்சையை நெடுங்காலம் வழிதவறச் செய்தது எனலாம். வலியுள்ள இடத்தில் அழற்சி இருத்தல் வேண்டும் என்ற ஊகத்தால் ‘நாண் அழற்சி’ என்று பொதுவாக வழங்கினர். ஆனால் பல மாதம் வருந்தியவர்களிடமிருந்து சத்திரசிகிச்சையில் எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து நோக்கியபோது, அழற்சிக்குரிய அணுக்கள் அரிதாகவும், நேராக ஓட வேண்டிய கொலாஜன் இழைகள் சிக்குண்டு பதமிழந்தும், இடையிடையே மெல்லிய புதுக் குழாய்கள் முளைத்தும் காணப்பட்டன. 1976-இல் இத்தாலியரான புட்டுவும் அவருடைய சகாக்களும் குதிநாணில் இந்த க்ஷீணத்தை அழற்சியினின்று வேறாகப் பிரித்துக் காட்டினர். ஆரம்ப நிலையில் அழற்சிக்கும் பங்குண்டு என்று பிற்கால ஆராய்ச்சி திருத்தம் கூறினும், இரத்தவோட்டம் குறைந்த நாண், தேய்வின் வேகத்திற்கு ஈடாகத் தன்னைச் செப்பனிட மாட்டாமையே மூலகாரணம் என்பது பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது.

இதற்கு மாறாக, மெய்யாகவே அழற்சியில் தொடங்கி உறையின் தடிப்பில் முடிவது தோள் இறுக்கம். 1872-இல் பாரிஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் துப்ளே இதனைத் தோளைச் சூழ்ந்த திசுக்களின் நோயென விவரித்தார். 1934-இல் பாஸ்டன் நகரத்துக் காட்மன் ‘உறைந்த தோள்’ என்றார். மூட்டுறை சுருங்கி ஒட்டிக்கொள்வதே இது என 1945-இல் நெவியாசர் காட்டினார். 40 முதல் 60 வயதுக்குள், ஆடவரினும் பெண்டிரை மிகுதியாகவும், நீரிழிவுடையோரைப் பிடிவாதமாகவும் பற்றும் இந்நோய், இரவில் புரளவொட்டாத வலியாய்த் தொடங்கி, வலி தணியத் தணியக் கை பூட்டுண்டு, தலைவாரவும் முதுகுப்புறக் கொக்கியை மாட்டவும் ஒண்ணாததாகி, பின்னர் ஓரிரண்டு ஆண்டுகளில் மெல்ல இளகும். நாண் கிழிந்த தோளைப் பிறர் தாங்கித் தூக்கினால் பெரும்பாலும் உயரும். இறுகிய தோளோ யார் தூக்கினும் உயராது.

மணிக்கட்டில் கட்டைவிரற்பக்கத்து நாண்கள் தம் குறுகிய உறையில் நெருக்குண்டு வலிப்பதை 1895-இல் சுவிட்சர்லாந்து நாட்டு த கெர்வான் விவரித்தார்; கைக்குழந்தையை ஓயாது தூக்கும் தாய்மாரிடம் இது சகஜம். முழங்கையின் வெளிப்புறத்து நாண் நலிந்து வலிக்கும் ‘டென்னிஸ் முழங்கை’ உற்றோரில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாதவர்கள்.

அம்முழங்கையில் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்தில் அற்புதம் போல் தோன்றினும், ஓராண்டு கழித்து ஒப்பிட்டால் ஊசி போடாதவரே நலமாயிருக்கின்றனர். பூரண ஓய்வும் நாணுக்கு உகந்ததன்று. 1998-இல் ஸ்வீடன் நாட்டு ஆல்ஃப்ரெட்சன், குதிநாண் நலிந்த 15 ஓட்டக்காரர்களைப் படியின் விளிம்பில் நிறுத்தி, குதியை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை நாளொன்றுக்கு 180 முறை, வலித்தாலும் விடாது 12 வாரம் செய்வித்தார். அனைவரும் மீண்டும் ஓடினர். ஃபுளோரோகுயினோலோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துண்போரிடமும், நாண் முன்பே நைந்தோரிடமும் குதிநாண் திடீரென அறுந்துபோவதுண்டு. அவ்வேளையில் பலர், பின்னாலிருந்து எவரோ உதைத்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்க்கின்றனர்.