கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமில மாத்திரை போட்டால் போதுமா? ஏன் முன்பே தொடங்க வேண்டும்?

"இன்னும் கன்ஃபார்மே ஆகல, அதுக்குள்ள மாத்திரை எதுக்கு?" குழந்தைக்குத் திட்டமிடும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. ஆனால் ஃபோலிக் அமிலத்தைப் பொறுத்தவரை, கன்ஃபார்ம் ஆகும் வரை காத்திருப்பதுதான் சிக்கல்.

28 நாள் கணக்கு

கரு உருவான முதல் 28 நாட்களுக்குள் குழந்தையின் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் உருவாகின்றன. குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகெலும்பில் திறப்பு இருக்கும் 'ஸ்பைனா பிஃபிடா' போன்ற குறைபாடுகள் வரலாம். சில குழந்தைகளுக்கு மூளையும் மண்டை ஓடும் முழுதாக வளராமலே போகலாம்.

மாதவிடாய் தள்ளிப்போனது தெரிவதற்குள்ளேயே இந்த 28 நாட்களில் சுமார் பாதி முடிந்திருக்கும். அரசு மகப்பேறு உதவித்தொகைக்காக 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பதிவு அவசியம்தான். ஆனால் பதிவு செய்யப் போகும்போது நரம்புக்குழாய் பெரும்பாலும் மூடி முடிந்திருக்கும்.

குன்னூருக்கு என்ன தொடர்பு?

இந்த வைட்டமினின் வரலாற்றில் நீலகிரிக்கும் இடம் உண்டு. இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய 1928-ல் இந்தியா வந்தார். பம்பாயில் தொடங்கி, 1929-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை குணமாவதை 1931-ல் வெளியிட்டார். அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

பிறவிக் குறைபாட்டைத் தடுக்கும் ஆற்றல் உறுதியானது 1991-ல். முன்பு இப்படிப் பாதிக்கப்பட்ட கர்ப்பம் கொண்ட பெண்களிடம் 7 நாடுகளில் நடந்த ஆய்வில், ஃபோலிக் அமிலம் மீண்டும் அதே குறை வரும் வாய்ப்பை 72 சதவீதம் குறைத்தது.

எவ்வளவு, எப்போது?

கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, முதல் 3 மாதம் முடியும் வரை தினமும் 400 மைக்ரோகிராம். மத்திய அரசின் 'அனீமியா முக்த் பாரத்' வழிகாட்டுதலும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி தினமும் இதே அளவைத்தான் சொல்கிறது.

வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை போதாதா? போதாது. அது ரத்தசோகையைத் தடுக்க. அதில் இருக்கும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம், அதாவது வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

செறிவூட்டப்பட்ட அரிசி? ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம் வரைதான். உதவும், ஆனால் மாத்திரைக்கு மாற்றாகாது.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, அவரை, ஊட்டி பீட்ரூட் எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் வேகவைக்கும்போது கணிசமாக இழக்கிறோம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடும் போய்விடும். அதனால் சாப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இன்னொரு கவனம் தேவை. இரும்புச்சத்து மாத்திரையை டீயுடன் போடக்கூடாது. டீயில் உள்ள பொருட்கள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

யார் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும்?

* முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய் குறைபாடு இருந்தவர்கள்
* வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள்
* சர்க்கரை நோய் உள்ளவர்கள்
* அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் (நீலகிரி பழங்குடி மக்களிடம் இது காணப்படுகிறது)

இவர்களில் பலருக்கு இதைவிடப் பல மடங்கு டோஸ் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

மாத்திரை எல்லாக் குறைபாடுகளையும் தடுத்துவிடாது. குறையோடு பிறந்த குழந்தைக்கு அம்மாவைக் குற்றம் சொல்வதும் சரியல்ல. ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்க, கல்யாணமான கையோடு அல்லது அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போதே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுத் தொடங்குவதுதான் சரியான நேரம்.