மெழுகில் நின்ற மெட்டுகள்

ஒரு காலத்தில் வீணையின் மெட்டுகளை இராகத்திற்கேற்ப நகர்த்தி வாசித்தனர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், எல்லா இராகங்களுக்கும் பொதுவாக 24 மெட்டுகள் நிலைபெற்றன என்பர்.

ஸ்தாயிக்கு 12 மெட்டுகள். ஒவ்வொரு மெட்டிலும் ஒலிக்கும் கம்பியின் நீளம் ஏறத்தாழ நூற்றுக்கு 5.6 பங்கு குறைகிறது. எஃகுக் கம்பி உராய உராய மெட்டு தேயும். நாதம் கெட்டு இரைச்சல் எழும். மின்கிதாரிலும் இதே தொல்லைதான். ஆனால் அதன் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. பிடுங்கித்தான் மாற்ற வேண்டும்.

வீணையின் மெட்டுகளோ தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கரிய மெழுகில் பதிந்தவை. மெழுகை இளக்கி, சுருதியைக் காதால் கேட்டு, மெட்டுகளை மீண்டும் பதிப்பர். இதுவே 'மேளம் கட்டுதல்'. பாட்டியின் வீணை பேத்தியின் கையிலும் சுருதி பிசகாமல் பேசுவது இம்மெழுகினால் அன்றோ!