அறப்பணியும் காப்புறுதியும்

பிறர் துயர் துடைக்கப் புறப்பட்டவர் கையாலேயே ஒருவருக்குத் துயர் நேர்ந்தால், அதனை ஈடுசெய்யும் கடமை யாருடையது? மருத்துவமனை, சிறுவர் இல்லம், பள்ளி, முதியோர் இல்லம் ஆகியவற்றை நடத்தும் பொதுநல அமைப்புகள் காப்புறுதி எடுத்துக்கொள்வது இக்காலத்தில் வழக்கமான அலுவலகச் செயலாகத் தோன்றலாம். ஆனால், அவ்வழக்கம் எளிதில் வந்ததன்று. அறநிலையம் இழைத்த பிழைக்கு அறநிலையம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று நீதிமன்றங்களே தீர்ப்பளித்த காலமும் இருந்தது. அக்காலம் மாறிய வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், அரச குடும்பத்தினருக்கு அணிகலன் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஜார்ஜ் ஹெரியட் என்பார் 1624-இல் மறைந்தார். தந்தையை இழந்த சிறுவர்களைப் பேணிக் கல்வி அளிப்பதற்கென அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு அந்நகரில் ஒரு நிலையம் எழுந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அந்நிலையத்தில் சேரும் தகுதி பெற்றிருந்தும் தவறாக மறுக்கப்பட்ட சிறுவன் ஒருவனுக்காக இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது. 1846-இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. சிறுவர்களின் நலனுக்கென வழங்கப்பட்ட பணத்தை நிர்வாகிகளின் தவற்றுக்கு ஈடாகச் செலவிடுவது கொடையாளரின் நோக்கத்திற்கு முரணானது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும்.

இக்கருத்தில் நியாயமே இல்லை எனக் கூறுவதற்கில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த அறப்பணம் ஒரே வழக்கில் கரைந்து போகுமாயின், அதனை நம்பியிருக்கும் பலர் ஆதரவற்றோர் ஆவர். ஆயினும், அந்நிதி யாருக்காகத் திரட்டப்பட்டதோ அவர்களுள் ஒருவனே தீங்குற்று நிற்கும்போது, அவனை வெறுங்கையோடு அனுப்புவது அறமாகுமா என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடையில்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளின் வழி அக்கோட்பாட்டிலிருந்து விலகிச் சென்றன.

பிறந்த மண்ணில் வலுவிழந்த அக்கோட்பாடு, கடல் கடந்து அமெரிக்காவில் வேரூன்றியது. தொடை எலும்பு முறிந்து, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்ற ஒருவர், எலும்பு சரியாகப் பொருத்தப்படவில்லை என வழக்குத் தொடுத்தார். சிகிச்சை அளித்தவர் பயிற்சி பெற்றுவந்த மாணவர் எனக் கூறப்பட்டது. 1876-இல் மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்றம் மருத்துவமனைக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஊழியரைத் தேர்ந்தெடுப்பதில் நிர்வாகம் போதிய கவனம் செலுத்தியிருந்தால் அதுவே போதும். ஊழியரின் பிழைக்காக அறநிதியைத் தொடலாகாது என்பது அதன் முடிவு. ஏனைய பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பணம் செலுத்த வல்லவன் வேறிடம் நாடலாம். அறமருத்துவமனையை விட்டால் வேறு புகலில்லாத ஏழைக்கோ அப்புகலிடத்தில் நேர்ந்த காயத்திற்கு ஈடு கேட்கும் வழியும் அடைபட்டது.

இந்நிலையை மாற்றிய தீர்ப்புகளுள் தலையாயது 1942-இல் வாஷிங்டன் நகரில் வழங்கப்பட்டது. ஜார்ஜ்டவுன் கல்லூரியின் மருத்துவமனையில், நோயாளி ஒருவருக்காகத் தனியே அமர்த்தப்பட்டிருந்த தாதி நடைவழியில் சென்றபோது, பயிற்சித் தாதி ஒருவர் விரைந்து தள்ளிய கதவு மோதிக் காயமுற்றார். வழக்கை ஆராய்ந்த நீதிபதி வைலி ரட்லெட்ஜ், அறநிலையங்களுக்கு வழங்கப்பட்டுவந்த விலக்கு முழுவதுமே நீங்க வேண்டும் என எழுதினார். விலக்கு இல்லாத இடங்களில் அறநிலையங்கள் வழக்குகளால் அழிந்தொழிந்தன என்பதற்குச் சான்றில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒருவர் தாங்க இயலாத இழப்பைப் பலர் பகிர்ந்து தாங்க வழிசெய்யும் காப்புறுதியையும் அவர் கருத்திற்கொண்டார். நிதியைக் காப்பதற்குத் தீங்குற்றவரைக் கைவிடத் தேவையில்லை. கட்டணம் செலுத்திக் காப்புறுதி பெற்றால் நிதியும் நிலைக்கும், தீங்குற்றவரும் ஈடு பெறுவர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் மாநிலங்கள் பலவும் இவ்விலக்கை நீக்கின, அல்லது குறைத்தன. இக்கோட்பாட்டிற்குத் தாயகமாய் விளங்கிய மாசசூசெட்ஸ், 1971-இல் சட்டம் இயற்றி அதனைக் கைவிட்டது. எனினும், அறப்பணியில் நேரும் இழப்பிற்கான ஈட்டுத் தொகைக்கு 20,000 டாலர் என உச்சவரம்பு விதித்தது.

சட்டம் பொறுப்பைச் சுமத்தியது. காப்புறுதி அதனைத் தாங்கியது. ஆனால், 1985, 1986 ஆம் ஆண்டுகளில் அத்தாங்குகோல் ஆட்டங்கண்டது. வட்டி விகிதம் மிக உயர்ந்திருந்த காலத்தில் காப்புறுதி நிறுவனங்கள், முதலீட்டுக்குப் பணம் திரட்டும் பொருட்டுக் கட்டணத்தைக் குறைத்திருந்தன. வட்டி வீழ்ந்து, இழப்பீடுகள் பெருகியபோது கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தின. சில துறைகளுக்குக் காப்புறுதி தர அடியோடு மறுத்தன. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் சிறிய சேவை அமைப்புகளும் பெருந்துன்பத்திற்கு ஆளாயின. குற்றமேதும் இழைக்காத அமைப்பும், தான் செய்யும் தொண்டின் தன்மை காரணமாகவே புறக்கணிக்கப்பட்டது.

அந்நெருக்கடியில் ஒரு நல்வழி பிறந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவியாய் இருந்த பமேலா டேவிஸ், பொதுநல அமைப்புகள் தாமே ஒன்றுகூடித் தமக்குரிய காப்புறுதி நிதியை அமைத்துக்கொள்ளும் திட்டத்தை ஆராய்ந்தார். அறக்கட்டளைகள் கடனாக அளித்த முதலைக் கொண்டு, 1989-இல் கலிபோர்னியாவில் அத்தகைய கூட்டமைப்பு ஒன்று செயற்படத் தொடங்கியது. அதன் அடிப்படை புதியதன்று. வீடுகளைத் தீயிலிருந்து காக்க, பெஞ்சமின் பிராங்ளினும் அவர்தம் நண்பர்களும் 1752-இல் பிலடெல்பியாவில் நிறுவிய பரஸ்பரக் காப்புறுதிச் சங்கமும் இவ்வடிப்படையில் எழுந்ததே. 1996-இல் அமெரிக்க வரிச் சட்டம் இத்தகைய கூட்டு நிதிகளுக்கு வரிவிலக்கு அளித்தது. உறுப்பினர் அனைவரும் அறநிலையங்களாக இருத்தல் வேண்டும். உறுப்பினரல்லாத அறநிலையங்களிடமிருந்து குறைந்தது 10 இலட்சம் டாலர் தொடக்க முதலாகப் பெறுதல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில. மறு ஆண்டு, 1997-இல், ஊதியமின்றித் தொண்டாற்றும் தனிமனிதரைப் பல வழக்குகளிலிருந்து காக்கும் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் அது அமைப்பின் பொறுப்பை நீக்கவில்லை; தொண்டர்க்குக் கிடைத்த பாதுகாப்பு, அமைப்பின் கடமையை மேலும் தெளிவாக்கிற்று.

இவ்வரலாறு அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. 1956-ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் வழி ஆங்கிலப் பொதுச் சட்டத்தை ஏற்ற தீபகற்ப மலேசியாவிலும், தொண்டு என்னும் பெயர் கவனக்குறைவுக்குக் கவசமாகாது. பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் சங்கமும், முதியோருக்கு உணவளிக்கும் மன்றமும், விழா மேடை அமைக்கும் குழுவும் நல்லெண்ணத்தையே துணையாகக் கொண்டு நடைபெறுவதுண்டு. நல்லெண்ணம் தொண்டைத் தொடங்கி வைக்கும். கால் முறிந்த பிள்ளையின் மருத்துவச் செலவை அது ஏற்காது.

காப்புறுதிப் பத்திரம் சங்கத்தின் சொத்தைக் காக்கும் தாள் என்றே பலர் எண்ணுவர். ஹெரியட் நிலையத்தின் வாயிலில் மறுக்கப்பட்ட சிறுவனும், பாஸ்டனில் எலும்பு முறிந்த நோயாளியும் அதற்கு வேறொரு பொருளை உணர்த்துகின்றனர். எவருக்காக அச்சங்கம் தோன்றியதோ, அவருக்கு அதனாலேயே தீங்கு நேர்ந்தாலும் அவரைக் கைவிடோம் என முன்கூட்டியே அளிக்கும் உறுதிமொழி அது. ஆண்டுக் கணக்கில் அக்கட்டணத்தைக் கடைசி வரியில் எழுதும் சங்கங்கள் அதனை முதல் வரிக்கு உயர்த்துவது தொண்டின் ஒரு பகுதியேயாகும்.